இடது காலுக்கு ஒரு கழித்தல் குறி

ஓடு, ஓடு, எவ்வளவு நேரம் ஓடுவியோ ஓடு, எனக்கென்ன, நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன், சனிக்கிழமை பதினொன்னே காலுக்கு வூட்ல இருந்திருந்தா துணி தொவைச்சுக் காயப்போட்டிருப்பேன், இங்க இந்தத் திரை ஒவ்வொரு கோடா வரையறதப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். நாப்பத்தெட்டாயிரம் கோடு. நாப்பத்தெட்டாயிரம் முக்கோணம், ஒரு முக்கோணத்துக்கு ஒரு கோடு. மயில்சாமி அண்ணனோட இடது காலு எங்க கம்ப்யூட்டருக்குள்ள இப்படித்தான் இருக்குது, ஸ்கேனர்ல சுத்திச் சுத்திப் புடிச்சு முக்கோணமா பின்னுன ஒரு வலை, மெஷ்னு சொல்லுவோம், முட்டிக்குக் கீழ நாலு விரக்கடை மிஞ்சியிருக்கிற காலு. பல்லடத்துல தறி ஓட்டுனவரு, லாரி ஏறுனதுல மீதி போச்சு. இந்த மிச்சத்தைத்தான் திங்கக்கிழமை காலையில மறுபடியும் வெட்டப் போறாங்க. இன்னும் ரெண்டு அங்குலம்னாங்க, ரெண்டு அங்குலம் எடுத்தா அப்புறம் அந்த முட்டிய வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது, முட்டிக்கு மேலயே எடுத்தர்றது நல்லதுன்னாங்க. முட்டி போனா நடக்கிறதே வேற கதை, படியேறுறது வேற கதை, தறிக்கு முன்னால நாள் முழுக்க நிக்கிறத நெனைச்சே பாக்க முடியாது. எதுக்கு வெட்டறாங்க? நாங்க செஞ்சு குடுத்த சாக்கெட் வலிக்குது, அதுக்கு. காலு போய் உக்கார்ற கிண்ணம்தான் சாக்கெட்டு. மூணு தடவை செஞ்சாச்சு, மூணு தடவையும் அதே ரெண்டு எடத்துல வலி. எலும்பு சரியில்லைன்னு ஆஸ்பத்திரியில எழுதிட்டாங்க. அவிங்க சும்மா எழுதலை, செயற்கைக் காலு செய்யற எங்க சென்டர்ல இருந்து போன ரிப்போர்ட்டைப் பாத்துத்தான் எழுதுனாங்க, 'சாக்கெட்டில் குறை ஏதும் இல்லை'ன்னு அதுல டைப் பண்ணுனது இந்த விரலுதான், இதோ நகம் கடிச்சுட்டு இருக்கிற இதே விரலு. கடைசி ரிப்போர்ட்டு இன்னைக்கு ஒரு மணிக்குள்ள போகோணும். போயிருச்சுன்னா அந்த முட்டியும் போயிரும்.

காலையில வந்து உக்காந்தப்ப எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, சத்தியமா இல்லை, ரிப்போர்ட்டை அனுப்பிச்சுட்டு அரை நாள்ல கெளம்பிரலாம்னுதான் வந்தேன். தங்கமணியக்காதான் கெடுத்துச்சு. மயில்சாமி அண்ணனோட சம்சாரம். கூடத்துல பெஞ்சு மேல ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு பை கட்டி வெச்சுட்டு உக்காந்திருந்துச்சு, போர்வை, பிளாஸ்கு, சீப்பு, எல்லாம் வெளிய தெரியுது, இங்க கையெழுத்துப் போட்டுட்டு அப்படியே நேரா அட்மிட் ஆகப் போறாங்களாம். நான் தண்ணி புடிக்கப் போனவ, சும்மா ஒரு பேச்சுக்கு, சாப்ட்டீங்களாக்கானு கேட்டேன். அதுக்கு அந்தக்கா, சாப்பாடு கெடக்குதுங் அம்மணி, போன வாரம் பஸ்ஸுல ஒரு டீச்சரம்மாவப் பாத்தனுங், சூலூருங்களாம், அவிங்களும் உங்ககிட்டத்தான் காலு செஞ்சாங்களாம், அவிங்களுக்கும் இந்த ரெண்டு எடத்துலதான் வலிச்சுதாம், அவிங்களுக்கும் எடது காலுதானுங், என்னமோ எங்க நேரம் எல்லாருக்கும் எடதாவே அமைஞ்சு போச்சுனு சொல்லிட்டு மூக்கைச் சிந்துச்சு. நான் டம்ளரை வாய்க்குக் கொண்டு போனவ அப்படியே நின்னுட்டேன். அந்த டீச்சரை எனக்கு ஞாபகம் இருக்குது, ரெண்டு தடவை வந்தாங்க, அப்புறம் வரவே இல்லை, சரியாயிருச்சுனு நாங்களே முடிவு பண்ணிக்கிட்டோம். வராதவங்கெல்லாம் நல்லா இருக்காங்கனு அர்த்தமா? மயில்சாமி அண்ணன்கிட்ட நான் என்ன சொன்னேன், ரெண்டாவது தடவை வந்து, அம்மணி, உள்ள ஆணி வெச்சு அழுத்துன மாதிரி இருக்குதுங்னு சொன்னாரே, அப்ப என்ன சொன்னேன். பழகிக்கோணுமுங்ணா. எல்லாருக்கும் மொதல்ல அப்படித்தான் இருக்கும், பழகிக்கோணுமுங்ணா. ரெண்டு காலும் முழுசா இருக்கிறவ நாற்காலிய விட்டு எந்திரிக்காமயே சொன்னேன். அவரும் சரிங் அம்மணினு தலையாட்டிட்டு, பழகிக்கிறேன்னு அதைப் போட்டுட்டுப் போயி, நாலாம் நாளு ரத்தத்தோட வந்தாரு. அப்பவும் கோவிச்சுக்கலை. என்ற காலு கொஞ்சம் மொரட்டுக் காலுங்கனு சிரிச்சாரு. காலு மொரடாம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், நாங்க அவரு காலைக் கோணல்னோம், அந்த மனுசன் அதையும் நம்பிட்டாரு.

சரி, இப்ப புலம்பி ஆகறது என்ன, திரையப் பாரு. முப்பத்தோராயிரம். கணக்குப் போட உனக்கு ஒரு நொடி கூட ஆகலை, தெரியும், ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியா வரையச் சொல்லி நான் எழுதுனேன் பாரு, அதான் இந்தப் பாடு, அவசரத்துல எழுதுன பைத்தான் புரோகிராம் அப்படித்தான் இருக்கும். ஆனா வரைஞ்சு பாக்காம எனக்கு மனசு ஆறாது. ஒரு முக்கோணத்துக்கு ரெண்டு பக்கம் இருக்குதில்ல, அதுல எது வெளிப்பக்கம், எது உள்பக்கம்னு கம்ப்யூட்டருக்குத் தானா தெரியாது. அதுக்குத்தான் ஒவ்வொரு முக்கோணத்து மேலயும் செங்குத்தா ஒரு கோடு நிறுத்துவோம், நார்மல்னு பேரு, அந்தக் கோடு எந்தப் பக்கம் நீட்டுதோ அதுதான் வெளிப்பக்கம். சாக்கெட்டு அளவு போட நான் எழுதுன புரோகிராம், என்ற ஸ்கிரிப்ட், செய்யற வேலையே அந்தக் கோட்டைப் புடிச்சுட்டுப் போறதுதான். எலும்பு துருத்திட்டு இருக்கிற ரெண்டு எடத்துல, முன்னெலும்பு விளிம்புலயும் வெளிப்பக்கத்து எலும்பு முண்டுலயும், கோடு காட்டுற பக்கமா ரெண்டு மில்லிமீட்டர் தள்ளு, அங்க சாக்கெட்டு எலும்பைத் தொடாம எடம் விடோணும். முட்டிச் சில்லுக்குக் கீழ கெட்டியா ஒரு பட்டை இருக்கும், அது வலி தாங்கும், அங்க கோட்டுக்கு எதிர்ப்பக்கமா ரெண்டு மில்லி அழுத்து, ஒடம்பு பாரத்தை அது வாங்கிக்கும். அவ்வளவுதான் வேலை. ஒருவேளை அந்தக் கோடு தலைகீழா இருந்தா? தங்கமணியக்கா சொன்னதைக் கேட்டு நின்னனே, அப்ப என்ற மண்டைக்குள்ள வந்தது இதுதான். கோடு உள்ள பாத்து நின்னா ஸ்கிரிப்ட்டும் உள்ள பாத்துத் தள்ளும், எடம் விட வேண்டிய எலும்பு மேலயே போயி முட்டும். ரெண்டு மில்லி, ரெண்டு விரல் அகலத்துக்கு நைசாப் பரவியிருக்கும், கிண்ணத்துக்குள்ள கையை விட்டுத் தடவினாக்கூட மேடா பள்ளமானு சட்டுனு தெரியாது. ஆனா அறுபது கிலோ மனுசன் ஏறி நின்னா எலும்புக்குத் தெரியும். நாப்பத்தியாறாயிரம். வா, வா. முடிஞ்சுது.

வெளிய நிக்குது. எல்லாக் கோடும் வெளியத்தான் நிக்குது. பலாப்பழம் மாதிரி முள்ளு முள்ளா, மயில்சாமி அண்ணன் காலு சுத்தியும் வெளியப் பாத்து, ஒண்ணு கூட உள்ள இல்லை. சுத்திப் பாரு. அடியில பாரு. இல்லை, எல்லாம் சரியா இருக்குது. கெரகமே. அப்ப காலுதானா? ஜெயசீலன் சார் சொன்னது சரிதானா, எலும்புதான் வளந்திருக்குது, சும்மா குழப்பாதனு மூணு தடவை சொன்னாரே. சொன்னதுல என்ன தப்பு, இருபது வருசமா காலு செய்யறவரு, என்ற ஸ்கிரிப்ட்டை நம்பித்தானே மாவுக்கட்டுல அச்செடுக்கிறத விட்டாரு, கோகிலவாணி நாலு நாள் வேலைய நாப்பது நிமிசத்துல முடிக்கறானு வர்றவங்க போறவங்க கிட்டயெல்லாம் பீத்திக்குவாரு. மணி பன்னெண்டு ஆகப் போகுது. ரிப்போர்ட்டை அனுப்பிரு கோகிலா. உன்னால ஆனதைப் பாத்தாச்சு. அந்தக்கா எதேச்சையாச் சொன்னதுக்கு இத்தனை ஆட்டம் ஆடுனே, போதும். எடதாவே அமைஞ்சு போச்சுங்னு சொல்லுச்சே, ஆனா வலது காலுக்காரங்க பதினாறு பேரு, ஒருத்தரு வந்து மொனகலையே, எடது மூணே மூணு பேரு, மூணுல ரெண்டு பேருக்கு அதே எடம், அந்த மூணாவது ஆளு சோமனூர்க்காரரு, அவரு சாக்கெட்டு போடறதே இல்லைனு யாரோ சொன்னாங்களே. காலுக்கு வலது எடது தெரியும், எலும்புக்குத் தெரியுமா, எலும்பு ஏன் எடதுன்னா மட்டும் வளருது? மறுபடி பாக்கறேன். முக்கோணத்தோட மூணு முனைப் புள்ளி, ஒண்ணு ரெண்டு மூணு, அந்த வரிசையில வலது கை விரலை மடக்கினா கட்டைவிரல் காட்டுறது வெளிப்பக்கம், காலேஜ்ல சொல்லிக் குடுத்ததுதான், கையைத் தூக்கி மடக்கறேன், பைத்தியக்காரி மாதிரி தனியா உக்காந்து கையைத் தூக்கிட்டு இருக்கேன், எதுக்கால கண்ணாடிக் கதவுல அது தெரியுது, கட்டைவிரலு மேலதான் நிக்குது, விரலு மட்டும் அந்தப் பக்கமாச் சுத்துது. நான் இப்படிச் சுத்தறேன், அது அப்படிச் சுத்துது. கட்டைவிரலு ஒண்ணுதான், சுத்துறது எதிரா இருக்குது. ஐயோ. முப்பத்தோராவது வரி.

முப்பத்தோராவது வரி, முப்பத்தோராவது வரி, எங்க, மேல போ, இருக்குது, என்ற கையால எழுதுனது. ஸ்கிரிப்ட்டை நான் மொதல்ல வலது காலுக்குத்தான் எழுதுனேன், அன்னைக்கு வந்தவங்க எல்லாம் வலது. எலும்பு எங்க, பட்டை எங்க, எல்லா அளவும் வலதுக்குப் போட்டு வெச்சுட்டேன். நாலு மாசம் முன்னால மொத எடது காலு வந்துச்சு, அந்த டீச்சரம்மா. வெளிப்பக்கத்து எலும்பு வலது காலுக்கு வலப்பக்கம், எடதுக்கு எடப்பக்கம், எல்லாத்தையும் மாத்தி எழுதோணும், அன்னைக்கு எனக்கு சாயங்காலம் கண்ணாலத்துக்குப் போகோணும், பட்டுச்சேலைய பையில வெச்சுட்டு வந்திருந்தேன், யாரு மாத்தி எழுதுறதுனு குறுக்கு வழி புடிச்சேன். எடது காலை கண்ணாடியில பாத்தா வலது காலுதானே. எல்லாப் புள்ளியோட எக்ஸையும், அதான் பக்கவாட்டு அளவை, மைனஸ் ஒண்ணால பெருக்கு, எடது வலதாயிரும், வேலைய முடிச்சுட்டு மறுபடி மைனஸ் ஒண்ணால பெருக்கு, வலது எடதாயிரும். ரெண்டு வரி. எவ்வளவு கெட்டிக்காரினு என்னையே தட்டிக் குடுத்துட்டு கண்ணாலத்துக்குப் போயி மூணு லட்டு தின்னேன். புள்ளி திரும்புச்சு, புள்ளியோட வரிசை திரும்பலையே. ஒண்ணு ரெண்டு மூணு அப்படியேதான் இருக்குது, ஆனா இப்ப எதிர்ப்பக்கமாச் சுத்துது, கணக்கு வலது கையத்தான் மடக்கும், கட்டைவிரலு உள்ள போயிரும். நடுவுல அந்த ஒரு கட்டத்துல மட்டும் காலோட உள்ளும் வெளியும் மாறிக் கெடந்திருக்குது, அந்தக் கட்டத்துலதான் தள்ளுறதும் அழுத்துறதும் நடந்துச்சு. கடைசியில மறுபடி பெருக்குனதும் எல்லாம் நேராயிருச்சு, அதான் மொதல்ல பாத்தாலும் சரி, கடைசியில பாத்தாலும் சரி, ஒண்ணும் தெரியலை. தன் முதுகு தனக்குத் தெரியாதும்பாங்க. சும்மா பேசிட்டு இருக்காதே, வரைஞ்சு பாரு. பெருக்கு. நார்மல் எடு. இந்தத் தடவை எல்லாம் வேண்டாம், நூத்துக்கு ஒண்ணு போதும், நானூத்தி எம்பது கோடு. ஓட்டறேன். ஒரு கோடும் காணோம். காலு வழுவழுன்னு மொட்டையா நிக்குது, ஒரு முள்ளு இல்லை. எங்கடா போச்சு நானூத்தி எம்பது கோடு? தோலைக் கண்ணாடி மாதிரி ஆக்கு, பாதி மங்கலாக்கு, இதோ, இதோ இருக்குது, அத்தனையும் உள்ள, அத்தனை முள்ளும் உள்ளப் பாத்து நிக்குது. கன அளவு கேளு. மைனஸ் தொள்ளாயிரத்தி நாலு. கழித்தல் குறி போட்ட காலு, ஒலகத்துலயே இல்லாத காலு, அதுக்குத்தான் இத்தனை நாளா சாக்கெட்டு செஞ்சுட்டு இருந்திருக்கோம். நான்தான். நானேதான் பண்ணுனேன். எனக்குச் சிரிப்பு வருது, ஏன் சிரிக்கறேன், அழுவோணும்டீ நீ, உன்ற தப்புக்கு ஒரு மனுசன் ரத்தம் சிந்தியிருக்காரு, தெரியும், தெரியுது, ஆனா ஒடம்பெல்லாம் குளுந்து போகுது, காலு சரியா இருக்குது, மயில்சாமி அண்ணன் காலு ஒண்ணாம் நம்பர் காலு, எலும்பு வளரலை, மொரடும் இல்லை, எல்லாக் குத்தமும் என்ற ரெண்டு வரியில இருக்குது, என்ற வரிய நான் அழிச்சா போச்சு, முட்டிய வெட்ட வேண்டியதில்லை. பரீட்சையில மொதல் மார்க் வாங்குனப்பக் கூட எனக்கு நெஞ்சு இப்படி அடிச்சுக்கலை.

ஓடறேன். செருப்பை விட்டுட்டு ஓடறேன். ஜெயசீலன் சார் பட்டறையில கண்ணாடிய நெத்தியில ஏத்திட்டு ஏதோ ராவிட்டு இருக்காரு, என்ன கோகிலா, ரிப்போர்ட் போச்சாங்கறாரு. போகலைங் சார், போகாதுங், காலு நல்லாருக்குதுங், நான்தான் தப்புப் பண்ணிட்டேன்னு சொல்றேன், மூச்சு வாங்குது, பல்லைக் காட்டிட்டு சொல்றேன். அவரு ராவறத நிறுத்திட்டு, இதைச் சிரிச்சுட்டுச் சொல்றியேங்கறாரு. லேப்டாப்பைத் திருப்பிக் காட்டறேன், முள்ளு உள்ள நிக்கிறதக் காட்டறேன், எடது காலுக்கு மட்டும் சார், நாலு மாசமாங்கறேன். அவரு மூஞ்சி செவந்து போச்சு. நாலு மாசம், என்ற கையும் இத்தனை தடவை உள்ள போய் வந்திருக்குதேனு அலமாரியில இருந்து மயில்சாமி அண்ணனோட சாக்கெட்டை எடுத்தாரு, ட்ரையலுக்குச் செஞ்ச கண்ணாடிப் பிளாஸ்டிக் கிண்ணம், கண்ணை மூடிட்டு உள்ள விரலை விட்டாரு. நான் அவரு மூஞ்சியவே பாத்துட்டு நிக்கறேன், வேலைய விட்டு நிறுத்துனாலும் நிறுத்தட்டும், இப்ப அந்த விரலு என்ன சொல்லுதுனு தெரிஞ்சா போதும். மெதுவாத் தடவுனாரு. நின்னுச்சு விரலு. மறுபடி தடவுனாரு. மேடுதான்னாரு. அப்புறம் என்னைத் திட்டுனாரு, நல்லாவே திட்டுனாரு, ஒரு மனுசன் வலிக்குதுனு மூணு தடவை வந்து சொன்னப்ப நீயும் நம்பலை, நானும் நம்பலை, கம்ப்யூட்டரைத்தானே நம்புனோம்னாரு, பாதித் திட்டு அவருக்கே. திட்டிட்டே ஹீட் கன்னை ஆன் பண்ணிட்டாரு. மார்க் பண்ணு, நிக்காதேன்னாரு. நான் மார்க்கர்ல மூணு வட்டம் போட்டேன், முன்னெலும்பு, வெளிப்பக்கத்து முண்டு, முட்டிக்குக் கீழ பட்டை. அவசரத்துல வட்டம் கோணலா வந்துச்சு, ஆனா எடம் தப்பலை. சூடு பட்டு பிளாஸ்டிக்கு எளகுச்சு, ரெண்டு எடத்துல உள்ள இருந்து வெளிய தள்ளுனாரு, ஒரு எடத்துல வெளிய இருந்து உள்ள அழுத்துனாரு, ஒவ்வொண்ணும் ரெண்டு மில்லிய நேராக்கி இன்னும் ரெண்டு மில்லி. ஈரத்துணியப் போட்டு ஆற வெச்சோம். நாலு மாசத்துத் தப்பு இருபது நிமிசத்துல எளகிருச்சு.

கூடத்துல அவங்ககிட்ட என்ன சொல்றதுனு நெனைச்சுட்டே போறேன், குறை கண்டுபிடிச்சாச்சுனு சொல்லலாம், சாஃப்ட்வேர்ல ஒரு சிக்கல்னு சொல்லலாம், நம்ம வாயிக்கு அதெல்லாம் நல்லாவே வரும். மயில்சாமி அண்ணன் ஃபாரத்துல கையெழுத்துப் போட பேனாவ மூடி கழட்டி வெச்சுட்டு உக்காந்திருந்தாரு. அவரு பக்கத்துல தரையில உக்காந்துட்டேன். அண்ணா, உங்க காலுல ஒரு குத்தமும் இல்லீங், நான் கணக்கைத் தப்பா எழுதிட்டனுங், எடம் விட வேண்டிய எடத்துல இடிச்சிருக்குது, அதுக்குத்தான் வலி, நீங்க சொன்னதெல்லாம் நெசமுங். அவரு என்னைப் பாக்கலை, தன்ற காலைப் பாத்தாரு. அப்ப இது நல்ல காலுங்களானு கேட்டாரு. நல்ல காலுங்ணா. தங்கமணியக்கா எந்திரிச்சு நின்னுச்சு, என்னை அடிக்கப் போகுதுனுதான் நெனைச்சேன், அடிச்சிருந்தாலும் வாங்கிட்டிருப்பேன், அந்தக்கா, மூணு மாசமா இந்தாளு ராத்திரி தலகாணியக் கடிச்சுட்டுத் தூங்குனாருங் அம்மணினு மட்டும் சொல்லுச்சு. ஜெயசீலன் சார் சாக்கெட்டைக் கீழ்க்காலோட சேத்துக் கொண்டாந்து மாட்டுனாரு. நடை பழகற ரெண்டு கம்பிக்கு நடுவுல நிக்க வெச்சாரு. மயில்சாமி அண்ணன் கம்பிய இறுக்கிப் புடிச்சுட்டு நின்னாரு, எடது பக்கம் பாரத்தைப் போடவே இல்லை, வலி எங்க இருந்து வரும்னு பழகுன ஒடம்பு, கொஞ்சம் போட்டாரு, நிறுத்துனாரு, இன்னும் கொஞ்சம் போட்டாரு. வலிக்குதுங்களானு ஜெயசீலன் சார் கேட்டாரு. ஒரு கை கம்பிய விட்டுச்சு. ஒரு எட்டு வெச்சாரு. இன்னொண்ணு. கம்பி முடியற எடத்துல திரும்புவாருனு பாத்தா திரும்பலை, ரெண்டு கையும் விட்டுட்டு கூடத்துல எறங்கி நடக்கறாரு, நொண்டறாரு, நொண்டாம என்ன, ஆனா அந்தக் காலை ஊணி நடக்கறாரு, தங்கமணியக்கா அந்தப் பைய நெஞ்சோட அணைச்சுட்டு பின்னாலயே போகுது. எனக்கு கண்ணு மறைக்குது. சூலூருக்கு ஃபோன் பண்ணோணும், சோமனூருக்குப் பண்ணோணும், திங்கக்கிழமைக்குள்ள ரெண்டு பேரையும் வரச் சொல்லிக் கூசாம இதே வார்த்தையச் சொல்லோணும், சொல்லுவேன், எத்தனை தடவை வேணாச் சொல்லுவேன். கூடத்து ஃபோன் அடிச்சுது. ஆஸ்பத்திரியில இருந்துதான், பேஷண்ட் கெளம்பிட்டாங்களா, படுக்கை ஒதுக்கி வெச்சிருக்குதுனு ஒரு பொண்ணு கேக்குது. ஜெயசீலன் சார் டாக்டர்கிட்ட நான் பேசறேன்மானு ஆரம்பிச்சாரு, மயில்சாமி அண்ணன் வாசப்படிகிட்ட இருந்து கையைக் காட்டி, இருங்க சார்னு சொல்லிட்டு, யாரையும் புடிக்காம கூடம் முழுக்க நடந்து வந்து ஃபோனை வாங்குனாரு. நின்னுட்டே பேசுனாரு. "நான் மயில்சாமி பேசறனுங். அந்தப் படுக்கைய வேற யாருக்காச்சும் குடுத்துருங்க. நான் வூட்டுக்குப் போறனுங்."